கம்ப்யூட்டரைக் கழித்தது போக மிச்சம்

கம்ப்யூட்டருக்கும் வயதாகும், அந்த வயதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு வருடா வருடம் கணக்கில் குறைத்துக்கொள்ளும் என்று எனக்குச் சொன்னவர், போடியில் ஓர் உரக்கடையின் மாடியில் அலுவலகம் வைத்திருக்கும் ஆடிட்டரம்மா. படியேறும்போதே பூச்சிமருந்து வாடை கூடவே ஏறி வரும். மேலே போனால் இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, சுவர் முழுக்கக் கட்டுக்கட்டாகக் கோப்புகள். ஏலக்காய் வியாபாரிகள் அதிகம் வந்துபோகிற இடம் என்பதால் அந்தக் கோப்புகளிலும் லேசாக ஏலக்காய் மணக்கும்.

நான் பயந்துகொண்டுதான் போயிருந்தேன். கோயம்புத்தூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். அவர்கள் மாதா மாதம் அனுப்பும் பணத்தில் வரி என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். கணக்குக் கொடுத்தால் அதில் உனக்குத் திரும்ப வரவேண்டியது வரும் என்று என்னோடு பாலிடெக்னிக்கில் படித்தவன் சொன்னான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வருமான வரி என்ற சொல்லுக்கும் எங்கள் வீட்டுக்கும் அதுவரை முகப்பழக்கமே கிடையாது. ஏதோ தப்புச் செய்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவன் போல இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன்.

"எங்க உக்காந்து வேலை பாக்குறீங்க தம்பி?" என்று கேட்டார்.

வீட்டில் என்றேன். எதில் என்றார். என் கம்ப்யூட்டரில் என்றேன். நெட்டு யாருடையது என்றார். வீட்டுக்கு இழுத்திருக்கிறோம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், கடைசியில் சாதாரணமாகச் சொன்னார்.

"அப்ப அதெல்லாம் உங்க சொந்தச் செலவு இல்லயே. தொழில் செலவு. கழிச்சுக்கலாம். கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் உண்டு. நெட்டு பில்ல அப்படியே கழிக்கலாம்."

தேய்மானம். எனக்குத் தெரிந்து செருப்புக்குத் தேய்மானம் உண்டு, ஜீப்பு டயருக்கு உண்டு. அசையாமல் மேசையில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெட்டி தேய்கிறது என்று யாரோ ஒருவர் டில்லியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதை வைத்துப் பிழைக்கிறவன் ஒருநாள் புதிதாக வாங்கியாக வேண்டும் என்பதையும் யோசித்து, சட்டத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார். அந்த இடம் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எனக்காகக் காலியாகக் கிடந்ததுபோல இருந்தது. எங்கள் ஊர் சிலமலையில் மாட்டுத்தீவன மூட்டைக்கும் பீரோவுக்கும் நடுவே நான் போட்டுக்கொண்ட மேசையை ஒரு தொழில் நடக்கும் இடம் என்று எங்கள் தெருக்காரர்களே ஒப்புக்கொண்டதில்லை. "வீட்ல சும்மாதான் இருக்கான், கம்ப்யூட்டர்ல விளையாடுறான்" என்றுதான் பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொல்லிவைத்தார்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

அந்த மேசையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லவேண்டும். அதில் உட்கார்ந்து நான் இதுவரை பார்த்திராத ஊர்களில் வீடுகள் வரைகிறேன். கடலோரத்தில் ஒருவருக்கு மாடிப்படி வரைந்தேன். எங்கோ வடக்கே ஒரு வீட்டுக்குச் சமையலறை வரைந்தபோது ஜன்னலை எந்தப் பக்கம் வைத்தால் புகை போகும் என்று எங்கள் அம்மாவிடம் கேட்டுத்தான் வைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து திருத்தம் ஒன்றும் வரவில்லை. அந்தச் சமையலறையில் இப்போது யாரோ தோசை வார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

நெட்டு வருவதற்கு முன் வரைபடத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போடிக்குப் பஸ் ஏறுவேன். ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கம்பெனிக்கு போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். பிறகு ஒருநாள் தேவாரம் ரோட்டிலிருந்து கம்பம் கம்பமாக ஒரு கறுப்பு ஒயர் எங்கள் தெருவுக்குள் வந்தது. தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழைதான் உள்ளே இருக்கிறது, வெளிச்சம்தான் அதில் ஓடுகிறது என்று இழுத்துக் கட்டியவர் சொன்னார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. இணைப்புக் கொடுக்க வீட்டு வரி ரசீது கேட்டார்கள். ரசீது எங்கள் அப்பா பேரில் இருந்ததால் இணைப்பும் அப்பா பேரில் ஆனது. அன்று அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

ஆடிட்டரம்மா அதைத்தான் பிடித்தார்.

"நெட்டு உங்க அப்பா பேர்ல இருக்கே. பணம் நீங்கதான் கட்டுறீங்கன்னு அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். மாசக் கடைசிக்குள்ள கணக்கு ஏத்தணும்."

அவ்வளவுதானே என்று எழுந்து வந்தேன். உண்மையில் எனக்கு அவசரமும் இருந்தது. என் கம்ப்யூட்டர் சட்டம் சொன்னபடியே தேய்ந்துபோயிருந்தது. பெரிய வரைபடத்தைத் திறந்தால் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். நான் போய்க் குளித்துவிட்டு வந்தால் அப்போதுதான் அசையும். கோயம்புத்தூரில் பொறுமையாகத்தான் சொன்னார்கள்: புது மெஷின் போடுங்கள், முடியாவிட்டால் இங்கே வந்து அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பாருங்கள். வரியில் பிடித்தது திரும்பி வந்தால் புது மெஷினுக்கு ஆகும். வராவிட்டால் நான் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அம்மாவுக்கு முட்டிவலி. அப்பா வாரத்தில் ஆறு நாள் மலையில். நான் போய்விட்டால் அந்த வீட்டில் அம்மாவுக்குப் பேச்சுத்துணைக்கு மாடு மட்டும்தான்.

எங்கள் அப்பா போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலத்தோட்டத்து ஸ்டோரில் வேலை பார்க்கிறார். ஸ்டோர் என்றால் பறித்த பச்சைக் காயைச் சூட்டில் காயவைக்கிற கட்டடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவார். அந்த ஞாயிறு அவர் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் சந்தோஷத்தில் சொன்னேன்.

"அப்பா, கம்ப்யூட்டருக்கும் நெட்டுக்கும் நமக்கு வரி விலக்கு கிடைக்குதுப்பா."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"யாருக்கு விலக்கு?"

"நமக்குத்தான்."

"நமக்கு எதுக்குடா விலக்கு? கை கால் இல்லயா?"

நான் ஏதோ சொல்லப்போனேன். அவர் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். எதையும் கழிக்காதே, எதிலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன், ஊரில் எல்லாரையும் போலக் கட்டு என்றார். மறுநாள் விடியும் முன் ஜீப்பில் மலைக்கு ஏறிவிட்டார்.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது ஆடி பிறக்கப்போகிற சமயம். அம்மன் கோயில் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி பிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் வரி என்று சும்மா சொன்னால் அதுதான். கலியாணமாகிக் குடும்பம் நடத்துகிற ஒவ்வோர் ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு. வரி கொடுக்கிறவனுக்கு ஊரில் ஒரு பேச்சு உண்டு, கூட்டத்தில் உட்கார இடம் உண்டு, கிடா வெட்டினால் ஒரு கூறு கறி உண்டு. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் பத்திரிகையில் படித்த வரி விலக்கையும் இதையும் நான் ஒருநாளும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

அம்மாதான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே சொன்னது. எங்கள் தாத்தா, அப்பாவைப் பெற்றவர், மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த வருடம், ஊர்க்கூட்டத்தில் இரக்கப்பட்டு, பாவம் இவர்களுக்கு வரி வேண்டாம், விலக்கு என்று முடிவு செய்தார்கள். நல்ல மனசில்தான் செய்தார்கள். ஆனால் விலக்கு என்றால் எல்லாவற்றிலும் விலக்கு. அந்தப் பொங்கலுக்கு இடது பக்கத்து வீட்டுக்குக் கூறு வந்தது, வலது பக்கத்து வீட்டுக்கு வந்தது. நடுவில் இவர்கள் வீட்டைத் தாண்டிப் போனது. அடுத்த வருடமும் போனது. அப்பா தலையெடுத்து மலைக்கு வேலைக்குப் போய், முதல் சம்பளத்தோடு கூட்டத்தில் போய் நின்று, எங்களுக்கும் வரி போடுங்கள் என்று கேட்டாராம். கலியாணம் ஆகாத பயலுக்கு ஏது தலைக்கட்டு என்று சிரித்திருக்கிறார்கள்.

"அதுக்காகத்தேன் என்னைய வெரசாக் கட்டிக்கிட்டு வந்தாரு," என்றது அம்மா. "எங்கய்யா வீட்ல நகை கேக்கல, நட்டு கேக்கல. பொண்ணு குடுத்தாப் போதும், வரி கட்டணும்னு நின்னாரு மனுசன். எனக்கு வாச்ச ராசா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னது. பிறகு, கம்ப்யூட்டர் தேய்ந்தால் கழிக்கிறார்களே, இருபது வருடம் ஏலத்தோட்டத்துச் சரிவில் உட்கார்ந்து எழுந்து தேய்ந்த என் முட்டியை எந்தக் கணக்கில் கழிப்பார்கள் என்று உன் ஆடிட்டரம்மாவைக் கேட்டு வா என்றது. கேட்கிறேன் என்று சொன்னேன். அதற்குச் சட்டத்தில் இடம் ஒதுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தெரியாமலே கம்ப்யூட்டரை மட்டுமாவது கழித்துவிடலாம் என்று என் சிநேகிதன் சொன்னான். முடியும்தான். ஆனால் வரி கட்டுவதற்காகக் கலியாணம் செய்துகொண்ட ஒரு மனிதரின் மகன் நான் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருக்குப் பின்னால் போய் ஒரு பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறு அப்பா வரவில்லை. காய் அதிகம், ஸ்டோரை விட்டு நகர முடியாது என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் காய் பறிக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினேன்.

முந்தல் தாண்டி வளைவு வளைவாக ஏற ஏற, கீழே போடி ஒரு கைக்குட்டை மாதிரி ஆனது. ஜீப்புக்குள் என்னையும் சேர்த்து எத்தனை பேர் என்று எண்ண முடியாது. என் மடியில் யாருடைய தூக்குவாளியோ இருந்தது. ஓர் அக்கா, "படிச்ச மாப்ளே, நீயும் காய் எடுக்க வந்துட்டியா, கம்ப்யூட்டரு கைய விட்டுருச்சா?" என்று கேட்டதும் வண்டியே சிரித்தது. அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்றேன். ஒரு வளைவில் மேகம் ரோட்டில் படுத்திருந்தது. ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குள் புகுந்தார். ஈரம் முகத்தில் அடித்தது. வெளியே வந்தபோது மலை முழுக்கப் பச்சையாகத் திறந்து கிடந்தது. பள்ளிக்கூடத்து நாளில் எத்தனையோ முறை பார்த்த மலைதான். ஆனாலும் அந்தப் பச்சையில் ஒவ்வொரு செடிக்கும் அடியில் யாரோ ஒருத்தி குனிந்திருக்கிறாள் என்பதை அன்று தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு போனபோதுதான் முழுதாகப் பார்த்தேன்.

ஸ்டோர் வாசலில் போய் நின்றபோது அப்பா உள்ளே சூட்டு அறையைத் திறந்துகொண்டிருந்தார். கதவு திறந்ததும் வந்த வாசனையை எழுத எனக்குத் தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு ஜன்னல் திறந்த மாதிரி இருந்தது என்று மட்டும் சொல்லலாம். கம்பி வலைத் தட்டுகள் அடுக்கடுக்காக மேலே போயின. அதில் நேற்று ஈரமாக, குண்டாகப் போட்ட காய் இன்று சின்னதாக, பச்சை நிறம் மாறாமல் கலகலவென்று உருண்டது. அப்பா ஒரு கை அள்ளிக் காதருகே குலுக்கிப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அம்மா நல்லாருக்கால்ல?"

"நல்லாருக்கு."

"அப்ப நீ அந்தச் சோலிக்குத்தேன் வந்திருக்க."

ஆமாம் என்றேன். நான் வழியெல்லாம் சொல்லிப்பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள் எல்லாம் அந்தச் சூட்டில் ஆவியாகிவிட்டன. மூலதனச் செலவு, நிகர வருமானம் என்று தொடங்கி இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். அவர் தட்டை உருவிச் சாக்கில் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். கூட வேலை பார்க்கும் பூப்பாறைக்காரர், "மகன் பாடம் எடுக்கான், மதி மதி, போதும், பொறவு பீசு கேப்பான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் நிறுத்திவிட்டு, சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டேன். அஞ்சு மூட்டை பச்சைக் காய் உள்ளே போனால் வெளியே வருவது கிட்டத்தட்ட ஒரு மூட்டை. கை தானாக அந்த எடையைத் தூக்கிப் பார்த்தது. அப்போதுதான் தோன்றியது.

"அப்பா, பச்சைக் காயை அப்பிடியே போடியில ஏலத்துக்கு அனுப்பினா எடுப்பாகளா?"

"கூறுகெட்டவன்தேன் எடுப்பான். அம்புட்டும் தண்ணி."

"கம்பெனி எனக்கு அனுப்புற பணமும் பச்சைக் காய்தாம்ப்பா. கம்ப்யூட்டரு, நெட்டு, கரண்டு, அதெல்லாம் அதுக்குள்ள இருக்கிற தண்ணி. தண்ணியக் கழிச்சுட்டு, காஞ்ச காய்க்கு என்ன எடையோ அதுக்குத்தான் வரி. ஊரை விட்டு விலக்குறது இல்ல."

அப்பா குனிந்தபடியே நின்றார். சாக்கிலிருந்து ஒரு காயை எடுத்து அதன் வாலைக் கிள்ளிப்போட்டார்.

"பெறகு எதுக்கு விலக்குன்னு சொன்ன?"

"பேப்பர்ல அப்பிடித்தாம்ப்பா போடுறாக."

"பேப்பர்க்காரனுக்கு என்ன. அவன் வீட்டுக்கு யாரு கூறு அனுப்புறா." சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே, "அந்தம்மாட்ட நானே வந்து கேக்குறேன்" என்றார்.

முதலாளியிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, அதற்கடுத்த நாள் அப்பா இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். உரக்கடை மாடிப்படியில் நான் முன்னால் ஏறினேன். அவர் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு வந்தார். மேலே செருப்போடு போகலாம் என்று சொன்னேன், கேட்கவில்லை.

ஆடிட்டரம்மா எழுந்து நாற்காலி போட்டார். அப்பா கையோடு கொண்டுவந்த பேனாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடத்தான் வந்திருந்தார். முதலில் எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்துவிடுவோம் என்று ஆடிட்டரம்மா தட்டத் தொடங்கினார். கம்ப்யூட்டரை ஏற்றினார். கரண்டில் ஒரு பங்கை ஏற்றினார். நெட்டை ஏற்றினார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் நல்ல சேதி சொல்கிறவரின் சிரிப்பு இருந்தது.

"ஐயா, கழிச்சது போக உங்க மகன் வரி ஆரம்பிக்கிற கோட்டுக்குக் கீழ வந்துட்டார். அந்தக் கோட்டுக்குக் கீழ இருந்தா வரி கிடையாது. சுன்னம். கம்பெனி பிடிச்சது மொத்தமும் திரும்பி வந்துரும்."

எனக்கு மெஷின் வந்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

"காஞ்ச எடைக்கு வரின்னு சொன்னியேடா," என்றார் என்னிடம், மெதுவாக. "அம்புட்டு மூட்ட போட்டு ஒரு படிகூடவா தேறல?"

மலையில் நான் கட்டிய உவமை உரக்கடை மாடியில் கவிழ்ந்துகொண்டிருந்தது. ஆடிட்டரம்மாவுக்கு எங்கள் ஊர்க் கதை எதுவும் தெரியாது. அவர் இதில் குறைச்சல் ஒன்றுமில்லை, நாட்டில் எத்தனையோ பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறார்கள் என்று விளக்கினார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்கள் தோட்டத்து முதலாளி கட்டுகிறாரா என்றார். ஏலக்காய் விவசாயம், விவசாய வருமானத்துக்கு இந்த வரியே இல்லை என்று அவர் சொன்னதும் அப்பாவின் கண் அகலமாகத் திறந்தது.

"முதலாளிக்கே விலக்கா?"

"ஆமாங்கய்யா."

"பாவம்," என்றார் அப்பா.

ஆடிட்டரம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். பிறகு திரைப்பக்கம் குனிந்து, நான் அருகில் இருப்பதையே மறந்தவர் போல, விவரம் கேட்கத் தொடங்கினார். என் மகன் பேர் இதில் இருக்குமா. இருக்கும். பேருக்கு நேரே சுன்னம் என்று இருக்குமா. அப்படித்தான் இருக்கும். அவர் விரலைக் கண்ணாடியில் படாமல் நீட்டி, வரிசையில் ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது நெட்டா?"

"ஆமா."

"என் பேர்ல இருக்குற நெட்டு."

"ஆமாங்கய்யா, அதுக்குத்தான் உங்க கையெழுத்து."

"இத எடுத்துட்டா என்ன ஆகும் தாயி?"

ஆடிட்டரம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு அந்த ஒரு வரிசையை மட்டும் அழித்துவிட்டு எண்டரைத் தட்டினார். சுன்னம் இருந்த இடத்தில் ஒரு சின்ன எண் வந்து உட்கார்ந்தது. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டார், அதனால் வரியும் கொஞ்சம்தான் என்றார். எங்கள் ஊரில் அந்த வருடம் பிரித்த தலைக்கட்டு வரியைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். பிடித்ததில் அதை மட்டும் நிறுத்திக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடுவார்கள்.

"இது கட்டலாம்ல," என்றார் அப்பா. முகம் தெளிந்திருந்தது. "உள்ள போனதுல இம்புட்டு அங்கனயே கெடக்கட்டும்."

"ஐயா, எங்கிட்ட வர்றவங்க எல்லாம் எதக் கழிக்கலாம், எதக் கழிக்கலாம்னு பில்லத் தேடிக் கொண்டாந்து குடுப்பாங்க. நீங்க குடுத்ததப் பிடுங்குறீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, கணக்கு உங்களுது. நீங்க சொல்லணும். கழிக்காம விடுறது தப்பில்ல. ஆனா காசு உங்களுது."

மனதுக்குள் கணக்குப் போட்டேன். மிச்சம் வருவது மெஷினுக்குப் போதும். ஆனால் நான் அப்போது நினைத்தது அதைக்கூட இல்லை. அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ கோடிப் பேர் சேர்த்துப் போடுகிற ஒரு குவியலில் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பிடி. தண்டவாளமோ பாலமோ, எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒரு செங்கல்லோ. நாங்கள் கேட்டு, எங்களுக்குப் போட்ட வரி. ஓர் எண் அவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

"நெட்ட எடுத்துருங்க மேடம்," என்றேன்.

அப்பா பேனாவைச் சட்டைப்பையில் திரும்பச் செருகினார். கையெழுத்துக்குத் தேவையே இல்லாமல் போயிருந்தது. ஏற்றி முடித்ததும் திரையில் என் பெயரும் ஒரு பச்சைக் குறியும் வந்தன. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றார் ஆடிட்டரம்மா. அப்பா எழுந்து நின்று, கோயிலில் கும்பிடுகிற மாதிரி இல்லாமல், பெரிய மனிதர் ஒருவரைப் பார்த்தால் கும்பிடுவாரே அப்படி, அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்து ஒருமுறை கையைக் குவித்துவிட்டுப் படியிறங்கினார்.

பணம் வந்தது. புது மெஷினை வாங்கி, பஸ்சில் மடியில் வைத்துக்கொண்டே கொண்டுவந்தேன். நான் கோயம்புத்தூர் போகவில்லை. மாட்டுத்தீவன மூட்டைக்குப் பக்கத்தில் இருந்தபடியே இன்றும் வீடுகள் வரைந்துகொண்டிருக்கிறேன். அடுத்த வருடம் கணக்கு ஏற்றப் போனபோது ஆடிட்டரம்மா புதிய கம்ப்யூட்டரின் தேய்மானத்தைக் கழித்துவிட்டு, வழக்கம்போல நெட்டு பில்லைக் கேட்டார். சம்பாத்தியம் கூடியிருந்ததால் இந்தமுறை அதைக் கழித்தாலும் வரி இருக்கும், அப்பாவுக்கு மனக்கஷ்டம் வராது, கையெழுத்து மட்டும் வாங்கி வந்துவிடுங்கள் என்றார்.

"அதை விட்ருங்க மேடம்," என்றேன். "அது எங்க அப்பா கட்டுற வரி."